பரங்கிமலைப் பீரங்கியும் பூந்தமல்லி வானமும்

மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதையை வரைபடத்தில் வடமேற்கே நீட்டிப் பார்த்தால், அந்தக் கோடு பூந்தமல்லிப் பக்கம் போகும். சேலம், தூத்துக்குடி போய்வரும் ஏ.டி.ஆர். 72 போன்ற சிறு விமானங்களுக்குப் போதுமான பாதை அது. அந்த விமானங்களின் ஓசையைப் புரிந்துகொள்ள 1820க்குப் போக வேண்டும்.

நுங்கம்பாக்கம் வானாய்வகத்தைக் கவனித்துவந்த ஜான் கோல்டிங்ஹாம், ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை வெடித்த பீரங்கிகளின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை மாதக்கணக்கில் குறித்துவந்தார். பரங்கிமலை வானாய்வகத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர். வெயில் ஏறினால் ஒலியின் வேகமும் ஏறும் என்பது அந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. 1823இல் லண்டன் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. விமானம் பிறக்க இன்னும் 80 ஆண்டுகள் இருந்தன.

புரொப்பெல்லரின் இரைச்சலுக்கு அளவுகோல் அந்த ஒலி வேகம்தான். அதன் அலகின் (பிளேடின்) நுனி ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க, சத்தம் படிப்படியாக அல்ல, பாய்ந்து ஏறும். இந்திய விமானப்படையில் பல்லாண்டு பறந்த ஹார்வர்ட் பயிற்சி விமானத்தில் கியர் குறைப்பு கிடையாது; எஞ்சினின் சுழற்சி அப்படியே 9 அடி விட்டமுள்ள புரொப்பெல்லருக்குப் போகும். முழு வேகத்தில் நுனி வினாடிக்கு 320 மீட்டர் ஓடும். எஞ்சின் கத்துகிறது என்று கீழே நின்றவர்கள் நினைத்தார்கள், கத்தியது அலகு.

மருந்து ரொம்பக் காலமாகத் தெரிந்ததுதான். 1936இலேயே சோவியத் ஆய்வாளர் குடின் இந்த ஓசைக்குக் கணிதம் எழுதிவிட்டார். மெதுவாகச் சுழற்று, அலகைக் கூட்டு: ஒவ்வொன்றும் சுமக்கும் பாரம் குறையும், காற்றில் விழும் அறையும் மெலியும். ஆனால் உலோகத்தில் ஆறு அலகு என்றால் எடை தாங்காது. டகோட்டா விமானம் மூன்றோடு நின்றது, முதல் ஏ.டி.ஆர். 72 நான்கோடு வந்தது. நார்க் கலவைப் பொருள் கைக்கு வந்தபின் 1990களில் ஆறானது. நுனியும் வினாடிக்கு 250 மீட்டருக்குள் அடங்கியது. சர்வதேச இரைச்சல் விதிகள் 1971இலேயே வந்துவிட்டன என்றாலும், இந்த மாற்றத்தில் உள்ளே அமர்ந்திருப்பவரின் காதுக்குக் கிடைத்த மரியாதை கீழே படுத்திருப்பவரின் காதுக்குக் கிடைக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. கீழே படுத்திருக்கும் அம்பத்தூர்க்காரர்களோ தொழிற்பேட்டைச் சத்தத்தில் வளர்ந்தவர்கள், கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

இப்போது கேட்க வேண்டியிருக்கிறது: சென்னையிலேயே புது வகை விமானங்கள் உருவாகின்றன. ஆவடி போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் தபஸ் ஆளில்லா விமானத்துக்கு மடங்கும் சக்கரத் தொகுதி செய்து கொடுத்திருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா டிரோன்கள் பெயர் வாங்கியவை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிறந்த இ-ப்ளேன் மின்சார வான் டாக்சிக்கு முயல்கிறது. டிரோன், வான் டாக்சி ஆகியவற்றின் சிக்கல் வேறு. சின்ன அலகு வேகமாகச் சுழன்றால்தான் தூக்கும். சுழற்சி கூடினால் ஓசை கீச்சென்று மேலேறும், காது கூர்மையாகக் கேட்கும் இடத்துக்கு. போதாததற்கு ஒவ்வொரு சுழலியும் நொடிக்கு நொடி வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால் ரீங்காரம் ஒரு நிலையில் நிற்பதுமில்லை. டெசிபல் கணக்கில் சிறியதாக இருந்தாலும் எரிச்சல் பெரிது.

வான் டாக்சியின் வடிவம் இன்னும் உறையவில்லை. ஆவடி, திருமுல்லைவாயில், பூந்தமல்லி மொட்டை மாடிகளில் இரவிலும் பகலிலும் எடுத்த ஒலி அளவுகள் வான் டாக்சி இறங்குதளத்துக்கு இடம் குறிக்கும் முன்பே வடிவமைப்பாளர்களின் மேசைக்குப் போக வேண்டும். அளக்கும் செலவை அரசு ஏற்கட்டும்.