ஒரு பிளாஸ்டிக் பை போதும், படகு இன்ஜினை நிறுத்த!

பாய்மரப் படகுக்கு எதற்கு இன்ஜின் என்று கேட்கலாம். காற்று வீசும்வரை பாய் போதும்தான். ஆனால், காற்று ஓய்ந்துபோன நாளிலும், குறுகலான துறைமுக வாயிலுக்குள் நுழையும்போதும், பாறைகளை விட்டு அவசரமாக விலகும்போதும் படகோட்டி நம்புவது டீசல் இன்ஜினைத்தான். அந்த நேரம் பார்த்து அது சூடாகி நின்றுபோனால்? தண்ணீர் வரும் ஒரு சின்னத் துளை அடைபட்டதுகூட அதற்குக் காரணமாக இருக்கலாம்.

காருக்கு ரேடியேட்டர், படகுக்குக் கடல்!

காரில் இன்ஜினின் சூட்டை ரேடியேட்டர் வழியாகக் காற்று எடுத்துச் செல்கிறது. படகில் அந்த வேலையைச் செய்வது கடல்நீர். படகின் அடிப்பகுதியில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளை இருக்கும். அதில் ஒரு வால்வு, அதைத் தாண்டினால் ஒரு வடிகட்டி, அடுத்து ஒரு பம்ப். பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரத்தின் பெயர் இம்பெல்லர். உள்ளே வரும் கடல்நீர், இன்ஜினுக்குள் சுற்றிவரும் கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு புகையோடு கலந்து, படகின் பின்பக்கமாக வெளியே கொட்டும். பெரும்பாலான பாய்மரப் படகுகளில் ஏற்பாடு இதுதான்.

இந்தப் பாதை அடைபட்டால் முதலில் பலியாவது இம்பெல்லர். தண்ணீர் இல்லாமல் சுழன்றால் சில நிமிடங்களிலேயே அதன் ரப்பர் இதழ்கள் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டுகள் உள்ளே போய்ச் சிக்கி, இன்னோர் அடைப்பை உண்டாக்கும்.

அடைப்பது யார்?

கரீபியன் கடலில் முதல் எதிரி சர்காசம் என்ற மிதக்கும் கடற்பாசி. 2011 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் அது மெத்தை மெத்தையாகத் தீவுகளின் கரைகளில் வந்து குவிகிறது. துறைமுகங்களில் பிளாஸ்டிக் பைகள், ஆழம் குறைந்த இடங்களில் சேறு, சில பருவங்களில் ஜெல்லி மீன்கள். படகை நாள்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்தால், துளைக்குள்ளேயே கொட்டலசுகள் ஒட்டி வளர்ந்துவிடும்.

இது சின்னப் படகுகளின் பிரச்னை மட்டுமல்ல. 2006-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் துறைமுகத்தில், ‘ரொனால்ட் ரீகன்’ என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் குளிரூட்டும் அமைப்புக்குள் ஜெல்லி மீன்கள் புகுந்தன. 2013-ல் ஸ்வீடனின் ஆஸ்கர்ஷாம் அணுமின் நிலையத்திலும், 2025-ல் பிரான்ஸின் கிராவ்லின் அணுமின் நிலையத்திலும் அவற்றால் உலைகளே நின்றன.

தடுக்க ஐந்து வழிகள்

1. கிளம்பும் முன் வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு முன் வால்வை மூடுவது முக்கியம். மறந்தால் கடல் படகுக்குள் வந்துவிடும். வேலை முடிந்ததும் வால்வைத் திறக்க மறந்தாலும் ஆபத்துதான். அதனால், இன்ஜின் சாவியை மூடிய வால்விலேயே மாட்டிவைப்பது அனுபவசாலிகளின் பழக்கம்.

2. ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் எட்டிப் பார்த்து, தண்ணீர் கொட்டுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

3. பாசிக் கூட்டம் கண்ணில் பட்டால் சுற்றிப் போகலாம். காற்று இருந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாயிலேயே கடக்கலாம்.

4. தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் இம்பெல்லரை மாற்ற வேண்டும். உதிரியாக ஒன்று எப்போதும் படகில் இருக்க வேண்டும்.

5. படகைக் கரையேற்றும்போது துளையின் உட்புறத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். துளையின் மேல் வலை பொருத்துவதாக இருந்தால், கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். கண்கள் மிகவும் சின்னதாக இருந்தால் அந்த வலையே அடைத்துக்கொள்ளும்.

நடுவழியில் அடைத்தால்?

பின்பக்கம் தண்ணீர் குறையும். புகைபோக்கியின் சத்தம் கரகரப்பாக மாறும். வெள்ளையாக ஆவி வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அலாரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. பல படகுகளில் அலாரம் கூலன்ட்டின் சூட்டைத்தான் அளக்கும். அது அலறுவதற்குள் இம்பெல்லர் போயிருக்கலாம். பாயை விரித்தோ நங்கூரம் இறக்கியோ படகைப் பத்திரப்படுத்திக்கொண்டு, இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். துறைமுகத்துக்குள் நுழையும்போதே பாயையும் நங்கூரத்தையும் தயாராக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்ஜின் நின்றதும் உறிஞ்சும் விசையும் நின்றுவிடும். ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பை பல நேரம் தானாகவே விழுந்துவிடும். விழாவிட்டால், வால்வை மூடிவிட்டு ஹோஸைக் கழற்றி, ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் பம்பை அதில் பொருத்த வேண்டும். பிறகு வால்வைத் திறந்து காற்றடித்தால் அடைப்பு வெளியே தள்ளப்படும்.

அடுத்த முறை ஒரு பாய்மரப் படகின் பின்பக்கம் ‘புளிச் புளிச்’ என்று தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தால், ஓட்டை விழுந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். இன்ஜினுக்குத் தண்ணீர் சரியாகப் போகிறது என்று அர்த்தம். அது நின்றால்தான் கவலைப்பட வேண்டும்!