யாருக்குக் குறைந்தது தூரம்?

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். முத்துநகர் எக்ஸ்பிரஸில் போனால் ஓர் இரவு முழுவதும், சுமார் 11 மணி நேரம். தூரம் குறைந்துவிட்டது என்கிறார்கள். யாருக்குக் குறைந்தது?

வாகைக்குளத்தில் 1992-ல் திறந்த விமான நிலையம், சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் விரிவாக்கப்பட்டு 2025 ஜூலை 26-ல் திறந்துவைக்கப்பட்டது. 1,350 மீட்டர் ஓடுபாதை 3,115 மீட்டராயிற்று. நல்லதுதான். விமானம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்த ஓடுபாதைக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் தொழிலாளிகள். ஆனால் அதில் ஏறிப் பறப்பவர்கள் யார்? மில் தொழிலாளியும் உப்பளத் தொழிலாளியும் ஒருமுறை ஏறினால் ஒரு வாரக் கூலி போய்விடும். அவர்களுக்கு இன்றும் முன்பதிவில்லாப் பெட்டிதான். அதிலும் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்!

பக்கத்து ஊரும் தூரத்து ஊரும்

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர். கொழும்புக்கு சுமார் 280 கிலோமீட்டர்தான். விமானம் விட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கொழும்பு போக வேண்டிய தூத்துக்குடிக்காரன் முதலில் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். எதிர்க்கரைக்குப் போக வடக்கே நடக்கும் விந்தை இது!

முன்பு அப்படி இல்லை. இந்தக் கடல் ஏழைகளின் பாதையாக இருந்தது. முத்துக் குளிப்பவர்கள் மன்னார்க் கரைக்குப் போய் வந்தார்கள். பஞ்சத்துக்கு அஞ்சிய கூலி ஜனங்கள் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். அந்தப் பாதையில் வெள்ளைக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்துத்தான் 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டார். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை வெட்டிச் சாய்த்து அவரை வீழ்த்தப் பார்த்தது. 1908-ல் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றவரும் அவரே. அந்த மார்ச்சிலேயே சர்க்கார் அவரைச் சிறையிலிட்டது.

லாபம் மட்டும்தான் அளவுகோலா?

2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் மீண்டும் ஓடியது. ஓர் இரவுப் பிரயாணம். சில மாதங்களில் நின்றுவிட்டது. போதிய பயணிகள் இல்லை என்று காரணம் சொன்னார்கள். லாபம் வந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும் என்றால், சாலையையும் பள்ளிக்கூடத்தையும்கூட மூட வேண்டியதுதான்! 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட முடிந்தது. தூத்துக்குடிக்கு மட்டும் ஏன் முடியாது?

ஓடுபாதைக்குக் கோடிகள் கொடுத்த சர்க்காரை நாம் கேட்கிறோம்: முன்பதிவில்லாப் பெட்டிகளை அதிகமாக்கு! சென்னைக்கு இன்னொரு தினசரி ரயில் விடு! கொழும்புக்குக் குறைந்த கட்டணக் கப்பலை சர்க்கார் பொறுப்பிலேயே நடத்து!

தூரத்தை மைலால் அளப்பது பூகோளம். கூலியால் அளப்பதுதான் தொழிலாளியின் கணக்கு. அந்தக் கணக்கில் தூரம் குறையும் வரை சங்கங்கள் ஓயக்கூடாது.