படகின் மின்கலமும் பரதவர் உயிரும்

திருவண்ணாமலை கடலறியா ஊர். கார்த்திகை விளக்கீட்டிற்குப் பின் ஐயங்குளத்தில் மூன்று நாள் மிதந்துவரும் தெப்பமே இவ்வூர்ச் சிறார் காணும் பெருங்கலம். அத்தெப்பத்தின் விளக்குகள் ஒருகால் அணைந்துபோயினும் கேடொன்றுமில்லை. நாற்புறமும் படிக்கட்டு, படிக்கட்டெங்கும் மக்கள், குரல் கொடுத்தால் கேட்கும் தொலைவில் கரை. நாகையிலோ தூத்துக்குடியிலோ புறப்பட்டுக் கரைவிளக்கு மறையுந் தொலைவு சென்று, பொறியை நிறுத்தி, செவுள்வலை விரித்து இரவெல்லாம் மிதந்து காத்திருக்கும் படகில் விளக்கணைந்தால் நிலை வேறு. பெருங்கப்பலின் கண்ணுக்கு அப்படகு இல்லாப் பொருளாகிவிடுகின்றது. விளக்கை அணைத்த குறை, இடங்காட்டும் கருவியையும் கம்பியில்லாக் கருவியையும் உடன் ஊமையாக்குகின்றது. பொறியைக் கிளப்பும் ஆற்றலும் அதே மின்கலத்தினின்றே வரவேண்டுமாயின், திரும்பும் வழியும் அடைபட்டது. நீர்மேல் கோடு கிழித்து எல்லை காட்டுவாரில்லாத பாக்கு நீரிணையில் இந்நிலை எங்குக் கொண்டுபோய் விடும் என்பதைக் கரையோரத் தாய்மார் நன்கறிவர்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலிற் சுழன்றெழுந்தபோது, நெடுந்தொலைவு சென்றிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையினின்று பேசுங் கருவியின் வீச்சு அத்துணைத் தொலைவு செல்லாது. அப்பேரிழப்பின் பின்னரே செயற்கைக்கோள் வழியாக இருபுறமும் செய்தி விடுக்குங் கருவிகளைப் படகுகளிற் பொருத்தும் பணி விரைவுற்றது. கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக ஓர் இலக்கம் படகுகளுக்கு அவற்றைப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகசுட்டு 30 அன்று மராட்டியத்துப் பால்கரில் இந்தியத் தலைமை அமைச்சர் தொடங்கிவைத்தார். நன்று. ஆயின் அக்கருவி எதனால் உயிர்க்கின்றது? படகின் மூலையில் உப்புப் பூத்துக் கிடக்கும் மின்கலத்தினால். கருவியைத் தந்தவர்கள் மின்கலத்தைக் காக்கும் அறிவையும் தந்தனரா என்பதே இத்திங்கள் எழுப்பவேண்டிய வினா.

இற்றை நாளில் படகின் மின்கலத்திற்குக் கொடையாளர் இருவர். பொறியோடு வாரிட்டுச் சுழலும் மின்னாக்கி ஒருவர். பட்டறைகளில் 'ஆல்டர்நேட்டர்' என்பது இதனையே. கூரைமேற் கிடக்கும் கதிரொளித் தகடு மற்றொருவர். இருவரும் கொடுப்பது ஒரே பொருளாயினும் கொடுக்கும் முறை வேறு. மின்னாக்கி அள்ளிக் கொடுப்பது. பொறி ஓடும்வரைதான் கொடுப்பது. தகடோ கிள்ளிக் கொடுப்பது. விடிந்தது முதல் அடையும்வரை ஓயாது கொடுப்பது. ஈய மின்கலத்தின் இயல்பு இங்கே கருதத்தக்கது. ஏறத்தாழ 80 விழுக்காடு வரை அது விரைந்து உண்ணும். எஞ்சிய 20 விழுக்காட்டை எத்துணை வலிய மின்னாக்கி ஊட்டினும் மெல்லமெல்லவே, மணிக்கணக்கில், ஏற்கும். அக்கடைப் பகுதிக்காகப் பொறியை ஓட்டுவது கன்னெய்யைக் கடலிற் கொட்டுவதற்கு ஒப்பு. நிரப்பாமலே விட்டாலோ, தகடுகளில் ஈயக் கந்தகை இறுகிப் படிந்து மின்கலம் சில திங்களில் மலடாகும். ஆகலின், முதற் பெரும்பங்கைப் பொறி கொடுக்க, இறுதிச் சிறுபங்கை ஞாயிறு நிரப்புவதே அறிவுடைய முறை.

இருவரும் ஒருங்கே கொடுக்கும்போது ஒரு மயக்கம் நேரும். மின்னாக்கி ஓடுகையில் மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்கு மேல் ஏறிநிற்கும். அதனைக் காணும் தகட்டின் சீராக்கி, மின்கலம் நிறைந்துவிட்டதென்று கருதித் தன் கொடையைச் சுருக்கிக்கொள்ளும். அடுத்தவர் கையில் தட்டிருக்கக் கண்டு, உண்டுவிட்டார் என்று பந்தியை முடிப்பவனைப் போன்றது இது. தகடு பழுதென்று உடனே கடைக்கு ஓடுவார் உளர். பழுதில்லை, பொறியை நிறுத்திச் சற்றுப் பொறுத்தால் சீராக்கி தன் பணிக்கு மீளும். இருவேறு மின்னோட்டங்களும் மின்கலத்திற் கூடுவதால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடாது.

கெடுப்பது வேறு. பொறி ஓடிக்கொண்டிருக்கையில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்தல் பெருந்தவறு. போக்கிடமற்ற மின் நொடியில் எழும்பி மின்னாக்கியின் டையோடுகளைப் பொசுக்கிவிடும். அவ்வேளை இணைந்திருக்கும் கருவிகளையும் விடாது. தகட்டின் சீராக்கிக்கும் ஓர் ஒழுங்குண்டு: இணைக்கும்போது மின்கலம் முன், தகடு பின், கழற்றும்போது தகடு முன், மின்கலம் பின். இலித்திய மின்கலம் வாங்குவோர் மேலுங் கருத்தாயிருத்தல் வேண்டும். அது பெரும்பசியுடையது; மின்னாக்கி தருவதனைத்தையும் தயங்காது இழுக்கும். பொறி மெல்ல ஓடும்போது மின்னாக்கியின் விசிறியும் மெல்லச் சுழல்வதால் வெப்பம் தணியாது சுருள் கருகும். நிறைந்தவுடன் காப்புச் சுற்று தானே இணைப்பை அறுத்துவிடின் மேற்சொன்ன கேடும் வந்துசேரும். பொறியைக் கிளப்பும் ஈய மின்கலத்தைத் தனியே வைத்து, அதனின்று அளவாக மின்னெடுத்து இலித்தியத்திற்கு ஊட்டும் இடைக்கருவியைப் பொருத்தின் இவ்விடர்கள் நீங்கும். எம்மின்கலமாயினும், கிளப்புவதற்கு ஒன்றும் விளக்குக்கும் கருவிக்கும் ஒன்றுமாக இரண்டு வைத்துக்கொள்பவன் இரவில் அச்சமின்றி வலை வைப்பான். ஒன்றின் தேய்வு மற்றொன்றைத் தொடாது.

கணக்கும் கடினமன்று. விளக்கும் கருவிகளுமாக 4 ஆம்பியர் இழுக்குமாயின் 12 மணி நேர இரவுக்கு 48 ஆம்பியர்-மணி. ஈய மின்கலத்தைப் பாதிக்குமேல் வடிப்பது அதன் வாழ்நாளைக் குறைக்குமாதலால் 100 ஆம்பியர்-மணி மின்கலம் வேண்டும். நம் கரையின் தெளிந்த வெயிலில் 12 வோல்ட்டு அமைப்பில் 200 வாட்டுத் தகடு நாளொன்றுக்கு 50 முதல் 60 ஆம்பியர்-மணி தரும்; இரவிற் செலவழிந்ததைப் பகல் ஈடுசெய்துவிடும். மழைமூட்டம் தொடரும் நாளில் பொறிதான் துணை. மின்கலத்தைச் சற்று ஓய்வாக விட்டு அளந்தால் 12.7 வோல்ட்டு முழுநிறைவையும் 12.2 பாதியையும் காட்டும். அளவுமானியின் விலை ஒரு வலைத்துண்டின் விலையினும் குறைவு. மேலும், தகட்டின் ஒரு மூலையில் விழும் கொடிமர நிழலோ காயும் வலையோ விளைச்சலைப் பேரளவு குறைத்துவிடும். உப்புப் படலத்தை நன்னீரால் துடைத்தலும் மறவற்க.

ஞாயிற்றை நம்பிப் படகு ஓடுமா என ஐயுறுவார், பெரியார் போராடிய வைக்கத்தை நினைக்க. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் அமரும் 'ஆதித்யா' என்னும் கதிரொளிப் படகு 2017 சனவரியில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் இத்தகைய பயணப்படகு அதுவே முதலாவது. அது காயலில் ஓடுவது. மீன்பிடிப்போர் கடலுக்கு அஃது அப்படியே பொருந்தாது. எனினும் மின்கலத்தை அறிந்து பேணுவோர் கையில் ஞாயிறு எத்துணை உழைக்கும் என்பதற்குச் சான்றாகும்.

இனி மொழிக்கு வருவோம். மேலே சொன்னவற்றுள் தமிழாற் சொல்லவியலாதது எது? மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்னும் சொற்கள் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே உள்ளன. ஓம் விதியைத் தமிழிற் கற்றுத் தேறிய இளைஞன்தான் ஐந்தாண்டு கழித்து, ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட கையேட்டைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பெட்டியிலேயே இடுகின்றான். வோல்ட்டு, ஆம்பியர், வாட்டு என்பன அறிஞர்தம் பெயர்களைத் தாங்கியவை. அவற்றைப் பெயர்க்கப் புகுதல் தேவையற்ற வேலை. ஏனையவற்றுக்குச் சொல்லுண்டு. வீசும் காற்றை ஒரே காற்றென்று விடாது வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனப் பகுத்தறிந்தவர்கள் பரதவர். படகின் முகப்பை 'அணியம்' என்று இன்றும் வழங்கும் வாய்க்கு 'மின்னேற்றச் சீராக்கி' கடினமாகாது. சொல்லைக் கேட்கும் வாய்ப்புத்தான் அவர்க்கு வாய்க்கவில்லை. படித்தவன் 'அவர்களுக்கு இதெல்லாம் புரியாது' என்று கைகழுவுவது சோம்பல். அதற்கு இரக்கம் என்று பெயரிட்டுக்கொள்வது அதனினுங் கீழ்மை.

கீழைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித்தடை. மின்கலங்கள் பெரும்பாலும் சாவதும் அந்நாள்களில்தான். கேட்பாரற்றுக் கிடக்கும் ஈய மின்கலம் தானே வடிந்து கந்தகை படிந்து கெடுகின்றது. சீராக்கியோடு கூடிய ஒரு சிறு தகட்டை இணைத்து, காய்ச்சி வடித்த நீரின் அளவையும் பார்த்து வந்தால் தடை முடியும் நாளில் அது உயிரோடிருக்கும். படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படும் அவ்விரு திங்களே கற்பிக்கவும் ஏற்ற காலம். மீன்வளத்துறை நான்கு பக்க அளவில், படத்தோடு, நல்ல தமிழில் ஒரு கையேட்டை அச்சிட்டு ஏப்பிரல் 15-க்கு முன் ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் அனுமதிச் சீட்டு வழங்கும் இடத்திலேயே கொடுக்கட்டும். செய்திக் கருவியோடு வரும் கையேட்டையும் தமிழிலேயே கேட்டுப் பெறட்டும். துறை காலந்தாழ்த்துமாயின், கடலோர ஊர்களில் உள்ள நம் அன்பர்கள், அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரையும் மின்பணியறிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, தம் துறைக்கு வேண்டிய நான்கு பக்கத்தைத் தாமே எழுதத் தொடங்கலாம். பழகிய மீனவர் ஒருவரிடம் அதனைப் படித்துக் காட்டி, அவர் நின்று வினவும் சொற்களை மாற்றிய பின்னரே அச்சுக்குக் கொடுக்க.