உமி குப்பை இல்லை சாமி!

போன மாசம் எங்கள் கல்லூரியில் ஒரு தொழில் திட்டப் போட்டி. முதல் பரிசு வாங்கிய திட்டம் இதுதான்: "டெல்டாவில் உமியும் வைக்கோலும் மலை மலையாகக் குப்பையாய்க் கிடக்கின்றன. அதைக் கேசிபயரில் போட்டு வாயு எடுத்து, மின்சாரம் தயாரித்து, கிராமத்துக்கு விற்போம். மூலப்பொருள் செலவு பூஜ்ஜியம்." அரங்கமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அந்தப் பூஜ்ஜியம் உறுத்த ஆரம்பித்தது.

(காமர்ஸ் படிக்கிறவனுக்குக் கேசிபயர் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். அடக்கவிலை தெரியும். இங்கே அதுதான் தேவை.)

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். விறகையோ உமியையோ முழுசாக எரிய விடாமல், காற்றை அளந்து கொடுத்தால் அது புகைந்து வாயுவாக மாறும். அதில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், கொஞ்சம் மீத்தேன் இருக்கும். ஏறக்குறைய பாதி வெறும் நைட்ரஜன். அதனால் இயற்கை எரிவாயுவோடு ஒப்பிட்டால் ஏழில் ஒரு பங்கு வெப்பம்தான் கிடைக்கும். புதுசும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நம்ம ஊர் பஸ்களே பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டிக்கொண்டு கரி கேஸில் ஓடின. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் பீப்பாய் காயலான் கடைக்குப் போய்விட்டது. தொழில்நுட்பம் தோற்கவில்லை. விலைதான் தீர்ப்பு சொன்னது.

அந்தத் திட்டத்துக்கு ஏன் அவ்வளவு கைதட்டல் என்பதும் எனக்குப் புரிகிறது. மன்னார்குடிப் பக்கம் நிலத்துக்கு அடியில் மீத்தேன் எடுக்க 2010-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அதை எதிர்த்து ஊர் ஊராகப் போன நம்மாழ்வார், 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் இறந்தார். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. இந்தக் கதை தெரிந்த மண்ணில், "மண்ணுக்கு அடியில் இருக்கிற வாயு வேண்டாம், மண்ணுக்கு மேல் இருக்கிற வாயு போதும்" என்று மேடையில் ஒருத்தர் சொன்னால் புல்லரிக்கத்தான் செய்யும். ஆனால் புல்லரிப்பை வைத்துக் கணக்கை டேலி பண்ண முடியாது.

உமி குப்பையா? நம்ம பக்கத்துப் புழுங்கல் அரிசி மில் எதற்காவது போய்ப் பாருங்கள். நெல் அவிக்கிற பாய்லரில் எரிவது அதே மில்லின் உமிதான். மிச்சம் காளவாய்க்கும் மற்ற பாய்லர்களுக்கும் லாரியில் போகிறது. வைக்கோல் மாட்டுக்குத் தீனி. அறுவடை முடிந்த வயலில் கட்டுக் கட்டாகக் கட்டி ஏற்றி, கேரளா வரைக்கும் அனுப்புகிறார்கள். காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கும்போது அதற்குப் பேர் குப்பையா? ஒரு பொருளைக் குப்பை என்று முதலில் சொல்வது எப்போதும் அதை வாங்க வருகிறவன்தான். விற்கிறவன் சொல்ல மாட்டான்.

இப்போது கணக்கு. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு டன் நெல் அரைத்தால் 200 கிலோ. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ உமி வேண்டும். கிலோ 4 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உமிக்கு மட்டும் யூனிட்டுக்கு 6 முதல் 8 ரூபாய். இன்னும் ஆள் கூலி சேர்க்கவில்லை. வாயுவில் வருகிற தாரைக் கழுவுகிற செலவு, இன்ஜின் ரிப்பேர், வங்கி வட்டி எதுவும் சேர்க்கவில்லை. உமியில் ஆறில் ஒரு பங்கு சாம்பலாகவே நிற்கும், அதை அள்ளிக் கொட்ட இடம் வேண்டும். இதில் காவிரியும் கூட்டாளி. 2016-17-ல் ஆற்றுத் தண்ணீரும் வரவில்லை, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது, சம்பா கருகியது. அந்த மாதிரி வருஷத்தில் உமிக்கு எங்கே போவீர்கள்?

சரி, தயாரித்தே விட்டோம். யாரிடம் விற்பது? 2016 முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வயல் பம்புசெட்டுக்கும் இலவசம். இலவசத்தோடு போட்டி போட்டு ஜெயித்தவன் எவனும் என் பாடப் புத்தகத்தில் இல்லை :-)

"பீகாரில் செய்தார்களே?" என்று அந்த அணி உதாரணம் காட்டியது. உண்மைதான். ஹஸ்க் பவர் நிறுவனம் 2007-ல் மேற்கு சம்பாரண் மாவட்டத்து தம்குஹாவில் உமி வாயுவால் விளக்கேற்றியது. அங்கே கம்பி மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கும் டீசல் ஜெனரேட்டரும்தான் எதிராளி. அதனால் மக்கள் காசு கொடுத்தார்கள். அந்த நிறுவனமே பிறகு சூரிய மின்சாரத்தின் பக்கம் போய்விட்டதை மட்டும் மேடையில் யாரும் சொல்லவில்லை. கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்து ஹொசஹள்ளியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1988-ல் தொடங்கிய விறகு வாயு நிலையமும் மின்சாரமே பார்க்காத ஊரில்தான் தொடங்கியது. நம்ம மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி, குடிநீர் மோட்டாரை ஓட்டக் கேசிபயர் வைத்தது. ஆனால் அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 2006-ல் வாங்கிய 350 கிலோவாட் காற்றாலை. காற்று பில் அனுப்பாது!

அப்படியானால் கேசிபயரைத் தலைமுழுகிவிடலாமா? இல்லவே இல்லை. தப்பான வேலைக்கு அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு லிட்டர் டீசலில் சுமார் மூன்று, மூன்றரை யூனிட் வரும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிறது. யூனிட்டுக்கு எரிபொருள் மட்டும் 25 ரூபாயைத் தாண்டுகிறது. டீசல் எரிகிற இடத்தில் கேசிபயர் போட்டிக்கு நிற்கும். அதைவிட நல்ல இடம், வெப்பம் தேவைப்படுகிற இடம். வாயுவை நேராக அடுப்பில் எரித்தால் இன்ஜினும் வேண்டாம், தாரைச் சுத்தமாகக் கழுவவும் வேண்டாம். டெரி நிறுவனம் கர்நாடகத்தில் பட்டுக்கூடு அவிக்கவும், சிக்கிமில் ஏலக்காய் உலர்த்தவும் இப்படித்தான் பயன்படுத்திக் காட்டியது. திருபுவனத்தில் பட்டுக்குச் சாயம் காய்ச்சவும், மழைக்காலத்தில் மில்லில் நெல் உலர்த்தவும், கல்யாண மண்டபத்தில் சாம்பார் கொதிக்கவும் வேண்டியது வெப்பம்தான். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாத விஷம் என்பதால் காற்றோட்டமும் பயிற்சி பெற்ற ஆளும் கட்டாயம்.

இங்கேதான் என் கோபம். மத்திய அரசின் 2022 விதிகளில் கேசிபயருக்கு மானியம் எப்படி வைத்தார்கள் தெரியுமா? முழுக்க வாயுவில் ஓடும் இன்ஜின் வைத்து மின்சாரம் எடுத்தால் கிலோவாட்டுக்கு 15,000 ரூபாய். வெப்பத்துக்கு என்றால் 300 கிலோவாட்டுக்கே 2 லட்சம், அதாவது கிலோவாட்டுக்கு சுமார் 667 ரூபாய். இன்ஜின் விலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு கிலோவாட் மின்சாரத்துக்கு நாலு கிலோவாட் வெப்பம் தேவை என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் 2,668 ரூபாய்தான். அப்போதும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஜெயிக்கிற குதிரைக்குக் கொள்ளு கிடையாது, நொண்டுகிற குதிரைக்கு மூட்டை மூட்டையாகவா? அதுவும் மிஷினைப் பொருத்தும் அளவுக்குக் காசு. வருஷம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதற்குக் காசு என்று வைத்தால் பாதித் திட்டங்கள் காகிதத்திலேயே நின்றுவிடும்.

பரிசு வாங்கிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் திட்டத்தைக் கிழித்துப் போடாதீர்கள். மின்சாரம் என்ற வார்த்தையை அடித்துவிட்டு வெப்பம் என்று எழுதுங்கள். 'மூலப்பொருள் செலவு' என்ற இடத்தில் இருக்கிற பூஜ்ஜியத்தை அழித்துவிட்டு, ஏதாவது ஒரு ரைஸ் மில்லுக்குப் போய், இன்றைக்கு உமி என்ன விலை என்று கேட்டு, அதை எழுதுங்கள். அப்புறமும் லாபம் வந்தால் முதல் கைதட்டல் என்னுடையது.