கரப்பானை விரட்ட விஷம்தான் வழியா?



மலையகச் சகோதரிகள் நம் பக்கத்தில் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. எவ்வளவு கூட்டினாலும் கழுவினாலும் கரப்பான் பூச்சி தொலைவதில்லை, என்ன மருந்து அடிக்கலாம் என்பதே அது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கடைத்தெருக்களில் கடைக்குப் பின்னாலும் மேலேயும் குடியிருக்கும் குடும்பங்களானாலும், தோட்டத்து லயங்களில் இருப்பவர்களானாலும் கேள்வி ஒன்றுதான். அருவருப்பு மட்டும் இதற்குக் காரணமல்ல. சாக்கடையில் ஊர்ந்த கால்களோடு சோற்றுப் பானையில் ஏறும் இந்தப் பூச்சி வயிற்றோட்டக் கிருமிகளைச் சுமந்து வருகிறது. அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியில் கலந்து, இழுப்பு நோயுள்ள பிள்ளைகளுக்கு இரைப்பைக் கூட்டுகின்றன.

ஆனால் "மருந்து" என்று நாம் சொல்வது உண்மையில் விஷம். ஆகவே எதை அடிப்பது என்று பார்க்குமுன், எதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்று பார்ப்போம்.

தோட்டத்து விஷம் தோட்டத்தோடு

தேயிலைக்கும் மரக்கறிக்கும் அடிக்கும் பூச்சிக்கொல்லியில் கொஞ்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்கு எடுத்து வரும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து இதற்கு இடம் கொடுக்காதீர்கள். திறந்த வெளியில், அளவாகத் தண்ணீர் கலந்து அடிப்பதற்கென்று செய்யப்பட்டது அது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், அடுப்பும் பாயும் தண்ணீர்க் குடமும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அதை அடித்தால், கரப்பானைவிட முதலில் அதைச் சுவாசிப்பது தொட்டில் குழந்தைதான்.

இலங்கை அரசு 1995இல் மொனோகுரோட்டபோஸ், மெத்தமிடோபோஸ் போன்ற கொடிய நஞ்சுகளை நிறுத்தியது. 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரை படிப்படியாகப் பராகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் ஆகியவையும் தடுக்கப்பட்டன. இவற்றால் போன உயிர்கள் அத்தனை. அந்தத் தடைகளுக்குப் பிறகு நாட்டில் விஷத்தால் நேரும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. வயலிலேயே வேண்டாமென்று நாடு ஒதுக்கிய பொருளின் மிச்சத்தை நாம் அடுப்படியில் வைத்திருக்கலாமா?

சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பதும் இதே ஆபத்துத்தான். பிள்ளைக்குப் போத்தலின் உருவம்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. வெண்கட்டி வடிவில் விற்கும் பூச்சி விஷமும் அப்படியே. பள்ளிக்கூடத்து வெண்கட்டியென்று எண்ணி அதைக் கையிலெடுக்கும் பிள்ளை, அதே கையை வாயில் வைக்கும்.

தேயிலை தந்த பாடம்

விஷம் எப்போதும் வேலை செய்யுமா என்பதற்கு நம் மலைகளே சாட்சி. தேயிலை இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழு ஒரு காலத்தில் தோட்டங்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. 1935, 36ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அந்தப் புழுவின் உடலில் முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும். புழுவின் கொட்டம் அடங்கியது.

பின்னர், தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற விஷத்தை அடித்தார்கள். அது வண்டோடு நிற்கவில்லை, காவலிருந்த குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த டோர்ட்ரிக்ஸ் புழு மறுபடி பெருகியது. அந்த டீல்ட்ரினை உலக நாடுகள் பின்னர் ஒதுக்கி வைத்தன.

அடுப்படியிலும் இதுதான் நடக்கிறது. கண்டபடி விஷம் அடித்தால், கரப்பானைப் பிடிக்கும் பல்லியும் சிலந்தியும் சாகின்றன. சில வீடுகளில் சுவரோரமாக, சிறிய வயிற்றைக் கொடிபோல ஆட்டிக்கொண்டு திரியும் கறுப்புக் குளவி ஒன்று இருக்கும். அது நம்மைக் கொட்டாது. பெரிய கரப்பானின் முட்டைக் கூட்டைத் தேடி அதில் முட்டையிடுவதே அதன் வேலை. அதையும் நாம்தான் கொன்று விடுகிறோம்.

கரப்பானோ விஷத்துக்குப் பழகிக்கொள்ளும். குளோர்டேன் என்ற விஷம் கரப்பானிடம் பலிக்காமல் போனதை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1952இலேயே கண்டார்கள். சாகாமல் தப்பியவை பெருகின. அவற்றின் குஞ்சுகளும் சாகவில்லை.

குளிர் காட்டிக்கொடுக்கும்

மலையகத்துச் சகோதரிகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதுதான் குளிர். கரப்பான் வெப்பத்தை விரும்பும் பூச்சி. 25 பாகைக்கு மேல்தான் வேகமாகப் பெருகும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை. கொழும்பு வீட்டில் கரப்பான் எங்கும் பரவியிருக்கும். இங்கே அது சூடுள்ள இடத்தைத்தான் தேடி ஒதுங்கும்.

ஆகவே வீடெல்லாம் அடிக்க வேண்டியதில்லை. இரவில் விளக்கை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து டோர்ச்சுடன் வாருங்கள். அடுப்புத் திட்டின் வெடிப்பு, அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரண், பிரிட்ஜின் பின்புறம், ரைஸ் குக்கரின் அடி, தொலைக்காட்சிப் பெட்டியின் பின்பக்கம் ஆகிய ஐந்து இடங்களைப் பார்த்தால் போதும்.

எந்த வகை என்றும் கவனியுங்கள். அரை அங்குல அளவில், கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடுகளுடன் இருப்பது சின்னக் கரப்பான். இதன் முட்டைக் கூடு ஒன்றில் முப்பது, நாற்பது முட்டைகள் இருக்கும். குஞ்சு வெளிவரும் சமயம் வரை தாய் அதைச் சுமந்தே திரியும். செந்நிறத்தில் ஒன்றரை அங்குலம் இருப்பது பெரிய கரப்பான்; கான்களிலிருந்தும் மலசலகூடத்திலிருந்தும் வருவது. சின்னது பெரும்பாலும் நாமே வீட்டுக்குள் தூக்கி வருவது. புறக்கோட்டையிலிருந்து சாமான் வரும் காட்போட் பெட்டிகளின் மடிப்பிலும் முட்டைத் தட்டுகளிலும் அது பயணம் செய்யும். கடைவீடுகளில் வெறும் பெட்டிகளை அடுக்கி வைக்காமல் அன்றன்றே வெளியேற்றுங்கள்.

மூன்று வாசல்களை அடையுங்கள்

முதலாவது தண்ணீர். தின்னாமல் கரப்பான் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் இல்லாமல் ஓரிரு வாரம்தான். இரவில் படுக்குமுன் கழுவுமிடத்தைத் துடைத்து உலர விடுங்கள். ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். ஈரச் சாக்கைத் தரையில் விடாதீர்கள்.

இரண்டாவது உணவு. இரவில் பாத்திரங்களை மூடி வைக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம். அதோடு எச்சில் பாத்திரங்களையும் இரவே கழுவிக் கவிழ்த்துவிட்டால் கரப்பானுக்குப் பட்டினிதான். ரமழானில் கூடுதல் கவனம் வேண்டும். கஞ்சிக் கோப்பைகளும் ஈச்சங்கொட்டைகளும் ஸஹர் வரை கிடந்தால் இரவு முழுதும் அதற்கு விருந்து.

மூன்றாவது ஒளிவிடம். சுவர் வெடிப்புகளைச் சீமெந்து பூசி அடையுங்கள். அது முடியாவிட்டால் களிமண்ணாவது வைத்து அப்புங்கள். கானுக்குச் செல்லும் துவாரத்துக்குக் கம்பி வலை போடுங்கள். பரணிலுள்ள விறகை வாரத்துக்கொருமுறை இறக்கித் தட்டுங்கள்.

போரிக் பவுடர்

இவற்றைச் செய்த பிறகும் மிஞ்சுபவற்றுக்குப் பாமசியில் கிடைக்கும் போரிக் பவுடர் போதும். கோதுமை மா மூன்று பங்கு, சீனி ஒரு பங்கு, போரிக் பவுடர் ஒரு பங்கு, கொஞ்சம் அரைத்த வெங்காயம் சேர்த்துப் பிசைந்து பட்டாணி அளவு உருண்டைகளாக்குங்கள். மேலே சொன்ன சூடான இடங்களில், பிள்ளைகளின் கையும் பூனையின் வாயும் எட்டாத இடுக்குகளில் மட்டும் வையுங்கள். பிசைந்த பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். இதுவும் விஷம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

பலன் மறுநாளே தெரியாது. ஓரிரு வாரம் பொறுங்கள். முட்டைக் கூட்டிலிருந்து பின்னர் வரும் குஞ்சுகளுக்காக, ஒரு மாதம் கழித்துப் புது உருண்டை வையுங்கள். டின்னில் வரும் ஸ்பிரேயை அடுப்பு எரியும்போது அடிக்கவே கூடாது; தீப்பற்றும்.

தெள்ளும் மூட்டைப்பூச்சியும்

குளிர்ப் பிரதேசத்து வீடுகளில் தெள்ளுத் தொல்லையும் உண்டு. தெள்ளு பூனையின் மேலிருந்தாலும் அதன் முட்டைகள் தரையில் உதிர்ந்து, வெடிப்பிலுள்ள தூசியில்தான் வளர்கின்றன. கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வு கேட்டதும் வெளிவரும். பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குடிபோனதும் தெள்ளு மொய்ப்பது இதனால்தான். வெடிப்புகளைச் சுரண்டிக் கூட்டுங்கள். பூனை படுக்கும் சாக்கை வாரந்தோறும் சுடுநீரில் அலசுங்கள். நாய்களுக்கென்று விற்கும் தெள்ளு மருந்தைப் பூனைக்குப் பூசாதீர்கள். அதிலுள்ள பேர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

மூட்டைப்பூச்சிக்குக் கட்டில் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுங்கள். மூடுபனிக் காலத்து வெயிலை நம்பாமல், நனைக்கக்கூடிய துணிகளையும் போர்வைகளையும் நல்ல சுடுநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். கட்டிலுக்கு மண்ணெண்ணெய் பூசும் பழக்கம் வேண்டாம். ஒரு நெருப்புப் பொறி போதும்.

அலுமாரியில் போடும் நப்தலின் உருண்டையைக் கைக்குழந்தையின் உடுப்போடு வைக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அது இரத்த அணுக்களை அழித்து, கடும் மஞ்சள் நோயை உண்டாக்கும்.

தவறி ஒரு பிள்ளை குடித்துவிட்டால்

வாந்தியெடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரோ எண்ணெயோ பருக்காதீர்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலையோ பெட்டியையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இலவச அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். மேல் டிவிசனிலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இறங்கிவர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தூரத்தை நினைத்தாவது விஷத்தை வீட்டுக்குள் விடாதிருங்கள்.

கடைசியாக ஒன்று. லயங்களிலும் கடைவரிசைகளிலும் ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குச் சொந்தம். நீங்கள் மட்டும் விரட்டினால் கரப்பான் அடுத்த வீட்டில் தங்கி, அடுத்த மாதம் திரும்பி வரும். பக்கத்து வீட்டு அக்காவோடும் எதிர்வீட்டு ராத்தாவோடும் பேசி ஒரு நாளைக் குறியுங்கள். அன்று எல்லோருமாகப் பரணை இறக்குங்கள், வெடிப்பை அடையுங்கள், உருண்டையை வையுங்கள். இன்ஷா அல்லாஹ், ஓரிரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.