கேட்டறிவோம் என்றார்களே, கேட்டார்களா?

பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலே உழவர்கரைக்கு ஒரு மேயர் இருந்தார். புதுவை வட்டாரத்தின் எட்டுக் கொம்யூன்களில் உழவர்கரையும் ஒன்று. 1954 மார்ச் 18ஆம் நாள், அந்த எட்டுக் கொம்யூன்களின் மேயர்களும், இந்தியாவுடன் இணைவதே எங்கள் முடிவு என்று தீர்மானம் செய்தனர். பட்டாளம் வைத்திருந்த ஏகாதிபத்தியத்தின் முகத்துக்கு நேரே உழவர்கரை பேசிற்று!

இன்று உழவர்கரை ஒரு நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் மூன்று இலட்சம் மக்கள். ஆனால், 1968இல் நடந்த நகராட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் எப்போது வந்தது தெரியுமா, தோழர்களே? 2006இல்! முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து! அந்த மன்றங்களின் காலமும் முடிந்து, 2021இல் அறிவித்த தேர்தலும் நிறுத்தப்பட்டது. அந்நியன் காலத்தில் பேசிய ஊர், சொந்த ஆட்சியில் வாய் மூடி நிற்பானேன்? இதற்கு விடை காண, சில ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த ஓர் அரசின் கதையை நினைவூட்டுகிறோம்.

1949 ஜூன் 19இல் சந்திரநாகூரில் வாக்கெடுப்பு நடந்தது. மக்களே ஓட்டுப் போட்டார்கள். புதுவைக்கும் காரைக்காலுக்கும் அந்த வாய்ப்பு வரவில்லை. 1954 அக்டோபர் 18ஆம் நாள், கீழூரில், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சுக் கொடி இறங்கியது.

கொடி இறங்கியது, உரிமை இறங்கவில்லை! நிர்வாகம் டில்லியின் கையில். சட்டப்படியான இறையாண்மை பாரிசின் கையில். குடியிருப்பவன் ஒருவன், பத்திரம் வைத்திருப்பவன் வேறொருவன் என்பது போல! 1955ஆம் ஆண்டுத் தேர்தல் ஆணையிலே ‘புதுச்சேரி மாநிலம்’ என்றே எழுதினார்கள். 39 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் அமைந்தது. அதன் தலைக்குமேல் டில்லி அனுப்பிய தலைமை ஆணையர்! 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியும், அல்ஜீரியப் போரில் சிக்கிக் கிடந்த பிரான்சு அதை ஆறாண்டு கிடப்பில் போட்டது. அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962 ஜூலையில்தான் பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புதல் தந்தது. ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பு. 1963 ஜூலை 1இல் சட்டமன்றம் வந்தது. ‘மாநிலம்’ என்ற பெயர் போய், ‘யூனியன் பிரதேசம்’ என்ற பெயர் நின்றது.

அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவைத் தோழர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். இங்குள்ள தனி நிர்வாக நிலையில் அரசியல் சட்ட மாறுதல் எது செய்வதானாலும், மக்களின் விருப்பத்தைக் கேட்டறிந்த பிறகே செய்யப்படும் என்பது அதன் பொருள். எழுதிய கை டில்லியின் கை!

கேட்டார்களா? 1963 சட்டத்துக்கு மக்களிடம் வாக்கெடுப்பு உண்டா? இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் 30 பேரோடு, டில்லி நியமிக்கும் மூவரும் சபையில் அமரலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. 2017இல், மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையைக் கலக்காமலே மூவரை நியமித்தார்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது என்று 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை மதிக்கிறோம், சட்டத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம். ஓட்டுக் கேட்டு ஒரு தெருவும் மிதிக்காதவர், ஓட்டு வாங்கி வந்தவரோடு சரியாசனத்தில் அமர்வதா?

சின்னஞ்சிறு புதுவைக்கு மாநிலத் தகுதியா என்று கேலி பேசுவோர் உண்டு. 2011 கணக்கில் சிக்கிமின் மக்கள் ஆறு இலட்சம். புதுவையின் மக்கள் பன்னிரண்டரை இலட்சம். சிக்கிம் மாநிலம்! 1961இல் போர்ச்சுகீசியரிடமிருந்து மீண்ட கோவா, 1987 முதல் மாநிலம்! அங்கெல்லாம் இனித்தது இங்கு மட்டும் கசப்பதேன்?

1979இல் புதுவையைத் தமிழ்நாட்டுடன் சேர்க்கும் பேச்சு எழுந்தது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள், பேச்சு அடங்கிற்று. இருபுறமும் தமிழ்தான், உறவுதான்; ஆயினும், கேளாமல் செய்வதை ஏற்க மாட்டோம் என்றனர். விருப்பத்தைக் கேட்டறியாதவர்களுக்கு, அதைக் கேட்கும்படி செய்தவர்கள் அவர்கள்!

ஆலைத் தொழிலாளித் தோழர்களுக்கு இது புதிய பாடமல்ல. 1936 ஜூலை 30இல் பன்னிரண்டு தோழர்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான பிறகே எட்டு மணி நேர வேலை கிடைத்தது. கேளாமல் எந்த உரிமையும் வந்ததில்லை.

ஆகவே கேட்கிறோம்: நகராட்சிக்குக் காலம் தவறாத தேர்தல், நியமனம் இல்லாத சட்டமன்றம், முழு மாநிலத் தகுதி. கிளைதோறும் கூட்டம் போடுங்கள்! அந்த இரண்டாம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள்! அன்று 178 பேர் நமக்காகச் சொன்னார்கள். இனி, நம் விருப்பத்தை நாமே சொல்வோம்!