பழைய சேட்டில் ஒரு பஃப் கைச் சட்டை



1977 வன்செயலில் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன குடும்பத்து அக்கா ஒருவர், 2009 யுத்தத்திற்குப் பின் வட்டகொடையில் உள்ள உறவினரிடம் திரும்பி வந்தார். இடப்பெயர்வுகளில் அம்மாவின் படம்கூட மிஞ்சவில்லை. "பஃப் கைச் சட்டைதான் போடுவார், அது மட்டும் ஞாபகம்" என்றார். ஐம்பதுகளின் சினிமா நடிகைகளைப் பார்த்துப் பெண்கள் ஆசையாகத் தைத்துக்கொண்ட கை அது.

தலவாக்கலையில் மலிவாக வாங்கிய, பாவித்த ஆண்கள் சேட் ஒன்றைக் கழுவி, ஸ்திரி போட்டு விரித்தோம். கத்தரிக்கோலைக் கண்டால் எனக்கு அவசரம், அக்கா தடுத்துவிட்டார். முதலில் பத்திரிகைத் தாளில் அளவு வெட்டினோம்.

பொத்தான் பட்டியை அப்படியே முன்திறப்பாக விடலாம். ஆண்கள் சேட்டில் பொத்தான் வலப்பக்கம் இருக்கும். "கிடக்கட்டும், சேலை மறைக்கும்" என்றார். நீளக் கைகளின் மேற்பகுதியில் பஃப் கை வரும். கைச்சுற்றளவின் ஒன்றரை மடங்கு அகலம் எடுத்து, மேலும் கீழும் நூலோட்டிச் சுருக்கிப் பட்டி வைக்கவேண்டும். கொலரைப் பிரித்தால் இரண்டு துண்டு, இரண்டு கைக்கும் பட்டி ஆயிற்று.

கழுத்து வட்டமா, சதுரமா? அம்மாவுடையது எப்படி இருந்ததென்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. அதைமட்டும் வெட்டாமல் வைத்திருக்கிறோம்.